செயலாளர் ஆண்டறிக்கை 2024-25, குடியிருப்போர் நலச் சங்கம்

தலைவர் ஐயாவுக்கும் நிர்வாகக் குழுவுக்கும் குடும்பத்தோட வந்திருக்கற எல்லாருக்கும் வணக்கம். இந்த வருஷம் குழு ஒம்பது தடவ கூடுச்சு. ரெண்டாவது தெரு முனைக்கு விளக்கு வந்துருச்சு, மழைநீர் வடிகால் வேலை பாதியில நிக்குது, மனு கொடுத்துக்கிட்டே இருக்கோம். வரவு செலவ பொருளாளர் படிப்பாரு.

நான் முக்கியமா சொல்ல வந்தது மூணாவது தெரு சார் வீட்டு இன்சூரன்ஸ் விஷயம். அவரோட சம்மதத்தோடதான் சொல்றேன், ஏன்னா நம்ம நகர்ல பாதி வீடு ரிட்டயர் ஆனவங்க வீடு, நாளைக்கு யாருக்கு வேணும்னாலும் இது வரும்.

போன ஜூன்ல ராத்திரி ரெண்டு மணிக்கு சாருக்கு நெஞ்ச அமுக்கற மாதிரி வலி, பனியன் சொட்டச் சொட்ட வேர்வை, ஆட்டோவுல தூக்கிட்டு ஓடினோம். ஈசிஜி, மாரடைப்பான்னு பாக்கற ட்ரோபோனின் ரத்த டெஸ்ட் எல்லாம் எடுத்து, ரத்தம் உறையாம இருக்க ஹெபாரின் ஊசி போட்டு ஐசியூல வச்சாங்க, மறுநாள் இதய ரத்தக்குழாய்ல அடைப்பு இருக்கான்னு பாக்கற ஆஞ்சியோகிராம் டெஸ்ட். கடவுள் புண்ணியத்துல பெரிய அடைப்பு இல்ல, மாத்திரையே போதும்னு மூணாம் நாள் அனுப்பிட்டாங்க. இன்சூரன்ஸ் கம்பெனியே ஆஸ்பத்திரிக்கு நேரா பணம் கட்டற கேஷ்லெஸ் வசதிய மறுத்துட்டாங்க, பில் 41,600 ரூபாய், சார் வீட்டு அக்கா வளையல அடகு வச்சுதான் கட்டினாங்க. அப்புறமா கிளெய்ம் போட்டா, 'பரிசோதனைக்காக மட்டும் அட்மிட் ஆனது, எக்ஸ்குளூஷன் 04 படி தர இயலாது'ன்னு ரெண்டு வரி கடிதம். பதினோரு வருஷமா ஒரு தடவ கூட தவறாம பிரீமியம் கட்டினவரு, அந்தக் கடிதத்த கையில வச்சுக்கிட்டு எங்க வீட்டுத் திண்ணையில பேசாம உக்காந்திருந்தாரு. எனக்கு மனசு ஆறல.

எக்ஸ்குளூஷன்னா எதுக்கெல்லாம் பணம் கிடையாதுன்னு சொல்ற விதி, அந்த 04-ஐ பாலிசி புத்தகத்துல தேடிப் படிச்சோம். முக்கியமா டெஸ்டுக்காகவே அட்மிட் ஆனா கிடையாது, இப்ப பாக்கற நோய்க்கு சம்பந்தமில்லாத டெஸ்டுக்கும் கிடையாது, அவ்வளவுதான் அதுல இருக்கு. ராத்திரி ரெண்டு மணிக்கு நெஞ்சு வலியோட போனவரு டெஸ்ட் எடுக்கவா போனாரு? ஆனா வீட்டுக்கு அனுப்பறப்ப ஆஸ்பத்திரி கொடுக்கற டிஸ்சார்ஜ் சம்மரியில 'ஆஞ்சியோகிராமுக்காக அனுமதி'ன்னு யாரோ ஒரு வரி அடிச்சுட்டாங்க, வினையே அந்த வரிதான். அவசர சிகிச்சைப் பிரிவுல எழுதின கேஷுவால்டி சீட்டுல வந்த நேரம், வலி, கொடுத்த மருந்து எல்லாம் தெளிவா இருந்துச்சு. அத வாங்கினோம், என்ன சந்தேகத்துல அட்மிட் பண்ணினாரு, என்ன சிகிச்சை கொடுத்தாருன்னு டாக்டர்கிட்ட லெட்டரும் வாங்கினோம். ஈசிஜி பேப்பர் அதுக்குள்ளயே பிளாஸ்டிக் கவர்ல மங்கிப் போச்சு, கோடு பாதி தெரியல, நல்லவேளை சார் மகன் அன்னிக்கே போன்ல படம் எடுத்து வச்சிருந்தான். தயவு செஞ்சு ஈசிஜிய உடனே ஜெராக்ஸ் எடுத்துருங்க.

மொதல்ல கம்பெனியோட குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதினோம், பழைய பதிலையே திருப்பி அனுப்பினாங்க. அடுத்து சென்னை தேனாம்பேட்டையில இருக்கற இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மன் ஆபீஸ், அதாவது இன்சூரன்ஸ் புகார விசாரிக்கற குறைதீர்ப்பாளர் ஆபீஸ். பீஸ் கிடையாது, வக்கீலும் கூடாது, நாமளே பேசணும். கம்பெனிக்கு எழுதி ஒரு மாசம் ஆகியும் பதில் வரலன்னாலோ, வந்த பதில் சரியில்லன்னாலோ போகலாம், மறுப்பு வந்து ஒரு வருஷத்துக்குள்ள போயிரணும். 50 லட்சம் ரூபாய் வரைக்கும் அவங்க உத்தரவு போடலாம். விசாரணையில சார் அந்த ராத்திரிய நடந்தது நடந்தபடி சொன்னாரு, கேஷுவால்டி சீட்டையும் டாக்டர் லெட்டரையும் வச்சோம். கையுறை மாதிரி சில்லறைச் செலவு போக 38,900 கொடுக்கச் சொல்லி உத்தரவு வந்துச்சு, 30 நாளைக்குள்ள கொடுத்தாகணும், கொடுத்துட்டாங்க. பிப்ரவரியில வளையல மீட்டாச்சு.

இன்னொண்ணு, 2024 மே மாசம் இன்சூரன்ஸ் கம்பெனிங்கள கண்காணிக்கற ஐஆர்டிஏஐ போட்ட சுற்றறிக்கைப்படி கிளெய்ம மறுக்கணும்னா கம்பெனிக்குள்ள இருக்கற பரிசீலனைக் குழு ஒப்புதல் வேணும், எந்த விதிப்படி மறுக்கறாங்கன்னும் எழுத்துல சொல்லணும். அதனால போன்ல 'முடியாது'ன்னு சொன்னா விட்டுராதீங்க, எழுதிக் கொடுங்கன்னு கேளுங்க.

வர்ற வருஷம் ஞாயித்துக்கிழமை காலையில பத்துலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் சங்க ரூம்ல நானும் சாரும் உக்காரலாம்னு இருக்கோம். பாலிசி, பில், மறுப்புக் கடிதம் மூணையும் எடுத்துட்டு வாங்க. கம்ப்யூட்டர் தெரிஞ்ச பசங்க ரெண்டு பேரு கூட இருந்தா ரொம்ப உதவியா இருக்கும், பேர இன்னிக்கே கொடுங்க. இந்த அறிக்கைய ஏத்துக்கணும்னு கேட்டுக்கறேன்.