சாமந்தித் துண்டு அழுகினால் முதலில் தண்ணீரைப் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

குழித்தட்டில் வேர்ப்பிடிக்க வைத்த சாமந்தி நுனித்துண்டு அடியில் கறுத்து அழுகுகிறது என்று மருந்துக்கடையில் சொன்னால், உடனே கைக்கு வருவது கார்பென்டாசிம் என்ற பூசணக்கொல்லி பாக்கெட்தான். ஓசூர், ராயக்கோட்டை பக்கம் இது வாடிக்கை. வந்திருப்பது பித்தியம் என்ற, ஈரத்தில் பரவும் பூசணம் போன்ற கிருமி என்றால் அந்தக் காசு தண்டம். கார்பென்டாசிம் அதை ஒன்றும் செய்யாது, மெட்டலாக்சில் போன்ற மருந்துக்குத்தான் கட்டுப்படும். வெட்டுவாயிலிருந்து (துண்டின் வெட்டிய அடிமுனை) மேல்நோக்கிக் கறுத்து, தொட்டதும் தோல் வழன்று வந்தால் பெரும்பாலும் பித்தியம். தட்டில் நிரப்பிய தென்னை நார்க்கழிவின் மேல்மட்டத்தை ஒட்டிப் பழுப்பாகி, தண்டு சுருங்கினால் ரைசோக்டோனியா என்ற வேறொரு பூசணம். அதற்கு மெட்டலாக்சில் உதவாது. நாலு துண்டைப் பிடுங்கிப் பார்க்காமல் மருந்து வாங்குவதில் அர்த்தமே இல்லை.

ஆனால் மருந்துக்கு முன்னால் தண்ணீர். 98 குழித் தட்டின் ஆழம் ஏறக்குறைய 4 செ.மீ. தான். எவ்வளவு வடியவிட்டாலும் குழியின் அடிப்பகுதியில் ஈரம் தேங்கியே நிற்கும். குழி ஆழம் குறையக் குறைய அந்தப் பங்கு கூடும். துண்டு சாயக்கூடாது என்று 3 செ.மீ. வரை குத்திவிடுகிறார்கள். வெட்டுவாய் நேராகக் காற்றில்லாத அந்த ஈரத்தில் போய் உட்காருகிறது. 5 முதல் 7 செ.மீ. நீளத் துண்டுக்கு 1.5 செ.மீ. ஆழம் போதும். குச்சியால் துளை போட்டு வைத்து, ஓரத்தை லேசாக அணைத்தால் நிற்கும். கட்டைவிரலால் அழுத்தினால் நார்க்கழிவில் இருக்கும் காற்றும் போய்விடும். தட்டு நிரப்புமுன் ஒரு கைப்பிடி எடுத்துப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஓரிரு சொட்டு கசிந்தால் சரி. ஒழுகினால் உலரவிடுங்கள். கழிவின் உப்பையும் கவனிக்க வேண்டும்: உப்பைக் காட்டும் மின்கடத்து அளவான இ.சி. 1-க்குக் (dS/m) கீழே வரும்வரை அலசாவிட்டால் வெட்டுவாய் வெந்து, அந்தப் புண் வழியே பூசணம் ஏறும்.

தண்ணீர்த் தெளிப்பு இலைக்கு, வேருக்கு அல்ல. உச்சி வெயிலில் 10 முதல் 15 நிமிடத்துக்கு ஒருமுறை 5 நொடி. இருட்டுமுன் இலை காயும்படி மாலையில் நிறுத்திவிட வேண்டும். 7 முதல் 10 நாளில் வெட்டுவாயில் வெண்மையான திசு திரண்டதும் தெளிப்பைப் பாதியாகக் குறைக்கலாம்.

வேர் ஊக்கியால் வரும் கறுப்பையும் பலர் அழுகல் என்றே நினைக்கிறார்கள். ஐ.பி.ஏ. என்ற அந்த ஊக்கி 1000 பி.பி.எம். என்றால் லிட்டருக்கு 1 கிராம். முதலில் கொஞ்சம் ஆல்கஹாலில் கரைத்துத்தான் தண்ணீர் சேர்க்க வேண்டும். 5 நொடி முக்கினால் போதும். அளவு மிஞ்சினால் முக்கிய துண்டு அத்தனையும் ஒரே சமயத்தில் அடி கறுக்கும். நோய் அப்படி வராது, திட்டுத்திட்டாகப் பரவும்.

பழைய தட்டை மண் போகக் கழுவிய பிறகே, 1 பங்கு பிளீச்சிங் திரவமும் 9 பங்கு தண்ணீரும் கலந்து அரைமணி ஊறவையுங்கள். அழுக்கு இருந்தால் குளோரின் அதிலேயே தீர்ந்துவிடும். கத்தியை ஒவ்வொரு தாய்ச்செடிக்கும் 70 சதவீத ஆல்கஹாலில் துடைக்க வேண்டும். நோய்ப் பூசணத்தை அடக்கும் நன்மைப் பூசணமான டிரைக்கோடெர்மா கலந்த தட்டில் கார்பென்டாசிம் ஊற்றினால் முதலில் சாவது டிரைக்கோடெர்மாதான். இரண்டையும் ஒரே பையில் போட்டுக் கொடுக்கும் கடைகளும் உண்டு!

நார்க்கழிவுக் கட்டி விற்பவர்கள் உறையில் இ.சி. அளவை அச்சிட வேண்டும். தங்கள் வேளாண் பக்கத்தில் மருந்துப் பெயர் வரும்போது, அது எந்தப் பூசணத்துக்கு என்பதையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

- நாற்றங்கால் தொழில் செய்வோர் சிலர்,
கிருஷ்ணகிரி மாவட்டம்