‘அப்பாகூடத்தானே இருக்கான்?’: காவல் நிலைய அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆய்வாளர்களுக்கும், புகார் மனுவை முதலில் வாங்கிப் படிக்கும் ரைட்டர்களுக்கும் வணக்கம்.

குடும்ப நல நீதிமன்றம் அம்மாவின் பொறுப்பில் விட்ட குழந்தையைச் சனிக்கிழமை பார்க்க வந்து கூட்டிப்போகும் அப்பா, ஞாயிற்றுக்கிழமை திருப்பிக் கொண்டுவந்து விடுவதில்லை. போன் ஸ்விட்ச் ஆஃப், வீடு பூட்டு. உங்களுக்கு இது பழகிய கதை. இப்போது என் தங்கை மகனுக்கு நடந்திருக்கிறது. உத்தரவு நகலோடு ஸ்டேஷனுக்குப் போனவளிடம், “அப்பாகூடத்தானே இருக்கான், அப்புறம் எங்கம்மா காணாமப் போனான்? ஃபேமிலி மேட்டர், கோர்ட்ல பாத்துக்கோங்க” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். கோர்ட்டில் பார்த்துவிட்டுத்தான் சார் வந்திருக்கிறாள். மனுவை வாங்கியதற்கு அடையாளமான சி.எஸ்.ஆர். ரசீதுகூடத் தரவில்லை.

காணாமல் போன குழந்தை பற்றிய ஒவ்வொரு புகாருக்கும் எஃப்.ஐ.ஆர். போட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013-இல் உத்தரவிட்டது உங்களுக்குத் தெரியும். பெற்றோருக்கோ, சட்டப்படி பொறுப்பில் வைத்திருப்பவருக்கோ இருக்கும் இடம் தெரியாத பதினெட்டு வயதுக்குட்பட்டவர், காரணம் எதுவானாலும், காணாமல் போன குழந்தைதான் என்று அதிலேயே சொல்லியிருக்கிறது. அப்பா கூட்டிப்போனால் கணக்கில் வராது என்று சொல்லவில்லை.

அப்பா இயற்கைக் காப்பாளர், அதாவது சட்டப்படி இயல்பாகவே பிள்ளைக்குப் பொறுப்பானவர், அவர்மேல் கடத்தல் வழக்கு நிற்காது என்கிறீர்கள். நீதிமன்றத் தடை எதுவும் இல்லாத வழக்குகளில் உயர் நீதிமன்றங்கள் அப்படிச் சொல்லியிருப்பது உண்மை. உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பவளிடமும் அதையே சொன்னால் எப்படி? சரி, கடத்தலா இல்லையா என்பதை நீதிபதி பார்த்துக்கொள்ளட்டும். பையன் எங்கே இருக்கிறான் என்பதைக் கண்டுபிடியுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

நீங்கள் தாமதிக்கும் ஒவ்வொரு நாளும் கூட்டிப்போனவருக்குத்தான் சாட்சியாகச் சேர்கிறது. 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டம் 9-ஆவது பிரிவின்படி, குழந்தை வழக்கமாக வசிக்கும் ஊரின் நீதிமன்றத்தில்தான் மனுப்போட வேண்டும். பையனை வேறு ஊர்ப் பள்ளியில் சேர்த்து, வாடகை ஒப்பந்தமும் போட்டுவிட்டால், ‘இப்போது இவன் இந்த ஊர்க்காரன்’ என்று வாதாட ஒரு காகிதக் கட்டு தயாராகிவிடும். மாதங்கள் போனால், ‘புது இடத்தில் நன்றாகப் பழகிவிட்டான், பிடுங்கி எடுத்தால் மனது பாதிக்கும்’ என்று அடுத்த வாதம் வரும். குழந்தையின் நலனே முதன்மை என்பதால் நீதிபதியும் அதைக் காதில் போட்டுக்கொள்ளத்தான் வேண்டும். ஒளித்து வைத்த காலமே ஒளித்தவருக்கு உரிமையாகிவிடுகிறது. அம்மா தூக்கிப்போய், அப்பா உத்தரவோடு நின்றாலும் இதே கதிதான்.

போன் கடைசியாக எந்த டவரில் இருந்தது என்று உங்களால் கேட்டு வாங்க முடியும், என் தங்கையால் முடியாது. அதனால்தான் எஃப்.ஐ.ஆர். கேட்கிறோம்.

கடைசியில், பையனைக் கொண்டுவந்து நிறுத்த உத்தரவிடுங்கள் என்று உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடுகிறோம். நோட்டீஸ் வந்ததும், “இது குடும்பத் தகராறு” என்ற அதே ஸ்டேஷன் தனிப்படை அமைத்துத் தேடக் கிளம்புகிறது. சென்னைக்கோ மதுரைக்கோ போய் வக்கீல் பிடிக்க வசதியில்லாதவர் என்ன செய்வார்?

தொலைந்த செல்போன்களை ஐ.எம்.இ.ஐ. நம்பரை வைத்துத் தேடிப்பிடித்து, வரிசையாக மேசையில் அடுக்கி, உரியவர்களிடம் ஒப்படைத்து போட்டோ எடுத்துக்கொள்கிறீர்கள். நல்ல காரியம், குறை சொல்லவில்லை. பையன் பாக்கெட்டில் ஒரு போனை வைத்து அனுப்பி, போன் காணோம் என்று புகார் கொடுத்திருக்கலாம் போலிருக்கிறது.

இதில் நாடு தாண்டிவிட்டால் இன்னும் மோசம். இப்படி எல்லை கடத்தப்பட்ட பிள்ளைகளைத் திருப்பி அனுப்புவது பற்றிய 1980-ஆம் ஆண்டு ஹேக் ஒப்பந்தத்தில் இலங்கை 2001-இலேயே சேர்ந்துவிட்டது. இந்தியாவும் சேர வேண்டும் என்று நம் சட்ட ஆணையம் 2009-இல் பரிந்துரைத்தது. இன்னும் சேரவில்லை. அது டெல்லியின் பாடு, உங்களிடம் புலம்பி என்ன ஆகப்போகிறது.

உங்கள் வேலைப்பளு தெரியாமல் எழுதவில்லை. கணவன் மனைவி சண்டையில் ஸ்டேஷனைப் பகடைக்காயாக்க வருகிறவர்களும் உண்டு. அதனால்தான் பணிவாகக் கேட்கிறேன்: யார் பக்கம் நியாயம் என்று நீங்கள் தீர்மானிக்க வேண்டாம். மனுவை வாங்கி, உத்தரவைப் படித்துப் பார்த்து, அன்றைக்கே எஃப்.ஐ.ஆர். போட்டுத் தேடத் தொடங்குங்கள். ‘எங்க லிமிட் இல்லை’ என்றும் அனுப்பாதீர்கள். எந்த எல்லையில் நடந்திருந்தாலும் தகவலைப் பதிய வேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆவது பிரிவே சொல்கிறது. தங்கை நாளைக் காலை மறுபடி வருவாள். இந்த முறையாவது ரசீது கொடுத்து அனுப்புங்கள்.

இப்படிக்கு,
பையனின் பெரியம்மா