மார்ச் மாதத் தோல்விக்கா இத்தனை கவலை?

ஆசிரியருக்கு வணக்கம். அமெரிக்க பேஸ்பால் பருவத் தொடக்கம் பற்றித் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த செய்தியைப் படித்தேன். பருவத்துக்கு முன் மார்ச்சில் நடக்கும் பயிற்சி ஆட்டங்களில் தோற்ற அணிகளின் ரசிகர்கள் இப்போதே மனம் தளர்ந்துவிட்டதாக அதில் இருந்தது. அவர்கள் அவசரப்படுகிறார்கள். அணிக்கு 162 ஆட்டங்கள் கொண்ட நெடும் பருவம் இது. டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் 2021-இல் 102 ஆட்டங்களில் தோற்றது. அரிசோனா டைமண்ட்பேக்ஸ் 110-இல். 2023-இல் சாம்பியனைத் தீர்மானிக்கும் உலகத் தொடரில் மோதியவை இதே இரண்டு அணிகள்தான்! அதிலும் அரிசோனா 84 வெற்றிகளோடு தட்டுத்தடுமாறிப் பிளேஆஃப் என்னும் இறுதிக்கட்டச் சுற்றுகளுக்குள் நுழைந்த அணி. நம்பிக்கை வைப்பவர்களை ஏமாளிகள் என்று எப்படிச் சொல்வது?

பீனிக்ஸ் அருகே வசிப்பதால் மார்ச் மாத ஆட்டங்களை நேரில் பார்க்கிறேன். பாதி ஆட்டம் தாண்டியதும் முன்னணி வீரர்கள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அப்புறம் முதுகில் 80, 90 என்று எண் போட்ட, அணியில் இன்னும் இடம் உறுதியாகாத இளைஞர்கள்தான் ஆடுவார்கள். பந்துவீச்சாளர்களும் புது வீச்சைப் பழகிப் பார்ப்பார்கள், அடி விழுந்தாலும் பொருட்படுத்துவதில்லை. இந்தத் தோல்வியை வைத்து அக்டோபரில் நடக்கும் பிளேஆஃபைக் கணிப்பது சரியில்லை. இனி பயிற்சி ஆட்ட முடிவுகளை வெளியிடும்போது, முன்னணி வீரர்கள் எத்தனை இன்னிங்ஸ் ஆடினார்கள் என்பதையும், சென்ற ஆண்டுக் கணிப்புகளில் எவை பலித்தன என்பதையும் பெட்டிச் செய்தியாகச் சேர்க்க வேண்டுகிறேன்.

– வாசகர், மேசா, அரிசோனா