புத்தகத் திருவிழாவில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் புத்தகக் கூப்பன் கேட்டு ஒரு மனு

அனுப்புநர்:
கிளை நூலக வாசகர் வட்டத்தினர்,
கொள்ளிடம் ஒன்றியம், சீர்காழி வட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மயிலாடுதுறை மாவட்டம்.

பொருள்: புத்தகத் திருவிழா – அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் புத்தகக் கூப்பன் வழங்கக் கோருதல் – தொடர்பாக.

பெருமதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

சில ஆண்டுகளாக மாவட்டந்தோறும் அரசே புத்தகத் திருவிழா நடத்துவது எங்களுக்குப் பெரிய மகிழ்ச்சி. சீர்காழிக் கடைத்தெருவில் நோட்ஸ், கைடு தாராளமாகக் கிடைக்கும். கதைப் புத்தகம் வேண்டுமென்றால் சிதம்பரமோ மயிலாடுதுறையோதான் போக வேண்டும். பழையாறு போன்ற கடலோர ஊர்ப் பிள்ளைகளுக்கு, இத்தனை புத்தகங்களை ஒரே இடத்தில் பார்க்கும் வாய்ப்பே இந்தத் திருவிழாதான்.

ஆனால் பள்ளியிலிருந்து வரும் பிள்ளைகள் பெரும்பாலோர் கையில் காசு இருப்பதில்லை. வரிசையாக உள்ளே போய் வரிசையாக வெளியே வருகிறார்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி பறவைகள் பற்றிய புத்தகத்தை எடுத்து நின்றபடியே நாலைந்து பக்கம் படித்தாள். அப்புறம் பின்னட்டையைத் திருப்பினாள். விலை 60 ரூபாய். எடுத்த இடத்திலேயே, பக்கத்துப் புத்தகத்தோடு ஓரம் சேர்த்து வைத்துவிட்டு, டீச்சர் கூப்பிட்டதும் ஓடிவிட்டாள். கையில் இருந்தது ஒரு பதிப்பகத்தின் விலைப்பட்டியல் மட்டும்.

நூலகத்தில் எடுத்துப் படிக்கலாமே என்று கேட்கலாம். சரிதான், நாங்கள் எல்லோரும் அப்படி வளர்ந்தவர்கள்தான். இருந்தாலும் சொந்தப் புத்தகம் தரும் சந்தோஷம் வேறு. எங்கள் உறுப்பினர் ஒருவரின் மகன், தானே தேர்ந்தெடுத்து வாங்கிய முதல் புத்தகத்தில் பெயர், வகுப்பு, தெரு எல்லாம் எழுதி வைத்தான். தெருப் பிள்ளைகள் மாற்றி மாற்றிப் படித்து, அட்டையில்லாமல்தான் அது திரும்பி வந்தது. அவனுக்கு அதில் பெருமைதான். இப்போது கோயில் திருவிழாவில் கிடைக்கும் காசையும் புத்தகத்துக்கென்று எடுத்து வைக்கிறான்.

இந்திய நூலகத் துறையின் தந்தை எஸ்.ஆர். ரங்கநாதன் 1892 இல் பிறந்தது எங்கள் சீர்காழியில். 1931 இல் மன்னார்குடிப் பகுதியில் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோன பழைய தஞ்சை மண் இது. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் என்பது ரங்கநாதன் வகுத்த விதிகளில் ஒன்று. அந்த நூல் எது என்று பிள்ளைதான் கண்டுபிடிக்க வேண்டும். பெரியவர்கள் மொத்தமாக வாங்கிக் கொடுத்தால் அது இன்னொரு பாடப்புத்தகமாகிவிடும்.

ஆகவே, வரும் திருவிழாவில் 6 முதல் 8 ஆம் வகுப்பு வரையுள்ள அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தலா 100 ரூபாய்க்கான புத்தகக் கூப்பன் வழங்க வேண்டுகிறோம். வழக்கமான 10 சதவீதக் கழிவும் சேர்ந்தால் சிறுவர் நூல்கள் ஒன்றிரண்டு வாங்க அது போதும். எந்தப் புத்தகம் என்பதைப் பிள்ளைகளே முடிவு செய்ய வேண்டும். அவர்களை அவசரப்படுத்தாமல், அரங்குக்குள் இரண்டு மணி நேரமாவது விடவேண்டும்.

வீட்டு வரியோடு ரூபாய்க்குப் பத்து பைசா நூலக வரி நாங்கள் கட்டுகிறோம். அந்த நிதியிலிருந்து இதற்கு எடுக்க விதி இடம் தராவிட்டால், வர்த்தகர் சங்கங்களையும் அரிமா, ரோட்டரி சங்கங்களையும் தாங்கள் ஒருமுறை அழைத்துப் பேசினால் போதும், நிச்சயம் முன்வருவார்கள். எங்கள் ஒன்றியப் பள்ளிகளில் கூப்பன் விநியோகிப்பது, கணக்கு எழுதுவது, பிள்ளைகளோடு துணைக்கு வருவது எல்லாவற்றையும் ஊதியமின்றிச் செய்ய நாங்கள் தயார்.

திருவிழாவுக்கான முதல் ஆலோசனைக் கூட்டத்திலேயே இதை எடுத்துக்கொண்டு, முதன்மைக் கல்வி அலுவலருக்கும் மாவட்ட நூலக அலுவலருக்கும் தக்க உத்தரவு வழங்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
வாசகர் வட்ட உறுப்பினர்கள்