ஜோம்சோமில் உங்கள் பையை ஏன் நிறுக்கிறோம்?

அன்பார்ந்த முக்திநாத் யாத்ரீகர்களுக்கு, வணக்கம்.

சென்ற யாத்திரையில் திரும்பும் நாளன்று, முக்திநாத்துக்கு நாம் விமானத்தில் போய் இறங்கும் நேபாள மலையூரான ஜோம்சோமின் விமான நிலையத்தில் ஒரு மனவருத்தம் நேர்ந்துவிட்டது. எழுபதைத் தாண்டிய ஓர் அம்மாள், கண்டகிக் கரையில் தேடிச் சேர்த்த சாளக்கிராமக் கற்களை மஞ்சள் துணிப்பையில் முடிந்து மடியில் வைத்திருந்தார். தராசில் வைத்தால் ஒன்பது கிலோ. கூடவே ஐந்து லிட்டர் கேனில் தீர்த்தம். இரண்டையும் ஜீப்பில் அனுப்பிவைக்கிறோம் என்றார் எங்கள் ஆள். "பெருமாளையா லக்கேஜ் என்கிறாய்?" என்று கேட்டுவிட்டார் அம்மாள். போகும்போது பொக்காராவில் விமானம் ஏறுகையில் யாரும் ஒன்றும் சொல்லவில்லையே என்பது அவர் வாதம். முன்கூட்டியே விளக்காதது எங்கள் தவறு. அதற்காகவே இந்த மடல்.

பொக்காரா சுமார் 820 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜோம்சோம் 2,700 மீட்டருக்கும் மேலே. அங்கே காற்றின் அடர்த்தி கடற்கரையில் இருப்பதில் ஏறக்குறைய முக்கால் பங்குதான். நமக்கு மூச்சு வாங்குகிற அதே காற்றை நம்பித்தான் இறக்கையும் விமானத்தைத் தூக்க வேண்டும். காற்று மெலிந்தால் அதே பாரத்தைத் தூக்க இன்னும் வேகமாக ஓட வேண்டும். அதற்கு நீண்ட ஓடுபாதை வேண்டும். ஜோம்சோமில் இருப்பதோ சுமார் 740 மீட்டர். திருச்சி ஓடுபாதையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

சிறு விமானங்களுக்கென்று பிரிட்டனின் விமானப் போக்குவரத்து ஆணையம் ஒரு கைக்கணக்கு தந்திருக்கிறது. எடை 10 சதவீதம் கூடினால் தரையை விட்டு எழத் தேவையான தூரம் 20 சதவீதம் கூடும். 1,000 அடி உயரத்துக்கு 10 சதவீதம். 10 டிகிரி வெப்பத்துக்கு இன்னொரு 10. இவற்றை ஒன்றோடொன்று கூட்டுவதில்லை, பெருக்க வேண்டும். நாம் ஏறும் பத்தொன்பது இருக்கை ட்வின் ஆட்டர் விமானத்துக்குத் தனி அட்டவணை உண்டு என்றாலும், கணக்கின் போக்கு இதேதான்.

பாரம் எவ்வளவு என்பதோடு அது எங்கே இருக்கிறது என்பதும் சேர்ந்தே வரும். மாட்டு வண்டி ஓட்டிய குடும்பத்தினருக்குச் சொல்லவே வேண்டாம்: பின்பாரம் ஏறினால் நுகத்தடி மேலே தூக்கிக்கொள்ளும். விமானத்தில் மூக்கு தூக்கும். வேகம் போதாத நேரத்தில் மூக்கு அளவுக்கு மீறித் தூக்கினால் இறக்கை தூக்குவதையே விட்டுவிடும். விமானிகள் இதை ஸ்டால் என்கிறார்கள். பத்தாயிரம் அடியில் நடந்தால் மூக்கைத் தாழ்த்தி வேகத்தை மீட்டுக்கொள்ளலாம். ஓடுபாதையின் முனையில், தென்னை மர உயரத்தில் நடந்தால் தாழ்த்துவதற்கு இடமே கிடையாது. சில சமயம் கணவரை முன்வரிசையிலும் மனைவியைப் பின்வரிசையிலும் உட்காரவைப்பது இதனால்தான். எங்கள் மேல் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

2001 ஆகஸ்ட் 25 அன்று பஹாமாஸ் தீவுகளின் மார்ஷ் ஹார்பரில் அமெரிக்கப் பாடகி ஆலியாவும் அவருடைய குழுவினரும் ஏறிய செஸ்னா 402 என்ற சிறு விமானம் எழுந்த உடனேயே விழுந்தது. விமானியையும் சேர்த்து ஒன்பது பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. படப்பிடிப்புச் சாமான்களோடு எடை வரம்பைவிடச் சுமார் 300 கிலோ கூடுதல். பாரமும் பின்னால் தள்ளிப் போயிருந்தது. அந்த விமானத்தை ஓட்ட விமானிக்கு அனுமதியும் இல்லை என்று பிறகு தெரிந்தது. ஆனால் எடை விஷயம் புறப்படுவதற்கு முன்பே ஒரு தராசு சொல்லியிருக்கக்கூடியது.

எங்களை அதிகம் உறுத்துவது அமெரிக்காவின் ஷையெனில் 1996 ஏப்ரல் 11 அன்று நடந்த விபத்து. ஏழு வயதுச் சிறுமி ஜெசிகா டுப்ராஃப், தந்தை மற்றும் பயிற்சியாளரோடு நாட்டைக் குறுக்கே கடக்கப் புறப்பட்டிருந்தாள். ஊர் 6,000 அடிக்கும் மேல். மழை, புயல் நெருங்கிக்கொண்டிருந்தது. எடை வரம்பைவிட நாற்பது கிலோவுக்குச் சற்று அதிகம், அந்த அம்மாளின் பை போல ஐந்து. நான்கு இருக்கை விமானத்துக்கு அது பெரிய பாரம். எழுந்த சற்று நேரத்தில் ஸ்டாலாகி விழுந்தது, மூவரும் இறந்தனர். அந்த வானிலையில் கிளம்பிய பயிற்சியாளரின் முடிவைக் குறை சொன்ன விசாரணை வாரியம், பத்திரிகைகளுக்கு ஒப்புக்கொண்டிருந்த இறுக்கமான பயணத் திட்டத்தையும் ஒரு காரணமாகக் குறிப்பிட்டது.

நம் யாத்திரையிலும் அந்த இறுக்கம் உண்டு. ஏகாதசிக்குள் தரிசனம், மறுநாள் காத்மாண்டு, அதற்கடுத்த நாள் சென்னை டிக்கெட். காலை பத்து, பதினொரு மணிக்கு மேல் காளி கண்டகிப் பள்ளத்தாக்கில் காற்று சீறத் தொடங்கிவிடும். அதனால்தான் விமானங்கள் காலையிலேயே பறந்து முடிக்கின்றன. "இன்று இல்லை" என்று விமானி சொன்னால் அவரிடம் வாதாடாதீர்கள், எங்களையும் வாதாடச் சொல்லாதீர்கள். ஜீப்பில் ஒரு பகல் முழுக்கப் போய்விடும், இடுப்பும் வலிக்கும். அந்தச் செலவு எங்களுடையது. அடுத்த குழுவிலிருந்து திட்டத்தில் ஒரு நாளை வெறுமனே விட்டு வைத்திருக்கிறோம்.

எஞ்சின், எரிபொருள், விசைகள் எல்லாம் விமானியும் பொறியாளரும் பார்த்துக்கொள்ள வேண்டியவை. நம் கையில் இருப்பது பை மட்டும்.

புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு எங்கள் அலுவலகத்துக்கு வந்து எடை பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் எடையைச் சீட்டில் குறித்துக்கொள்வோம், யார் முன்னாலும் வாசிக்க மாட்டோம். கைப்பையும் சேர்த்து ஒருவருக்குப் பத்து கிலோ. தீர்த்தத்துக்கு அரை லிட்டர் செம்பு ஒன்றை நாங்களே தருகிறோம். சாளக்கிராமங்களைப் பெயர் எழுதிய பெட்டியில் எங்கள் ஆள் ஜீப்பில் கூடவே உட்கார்ந்து பொக்காராவுக்குக் கொண்டுவருவார். அந்த அம்மாளின் ஒன்பது கிலோவும் அப்படித்தான் வந்து சேர்ந்தது. எண்ணிப் பார்த்துத்தான் வாங்கிக்கொண்டார்.

இப்படிக்கு,
உங்கள் யாத்திரைக் குழுவினர்,
ஸ்ரீரங்கம்