நொபெல் பரிசும் சஷ்டி விரதமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கந்தசஷ்டி நெருங்குகிறது. 'விரதம் இருந்தால் உடலின் கலங்கள் தம்மைத் தாமே சுத்தம் செய்யும், சீனி வருத்தம் மாறும், இதற்கு நொபெல் பரிசே கொடுத்திருக்கிறார்கள்' என்று வட்ஸ்அப்பில் ஒரு குரல்பதிவு வெள்ளவத்தை முழுக்கச் சுற்றுகிறது.

பரிசு உண்மைதான். 2016இல் யப்பானிய விஞ்ஞானி யொஷினோரி ஓசுமிக்குக் கிடைத்தது. ஆனால் அவர் பட்டினி போட்டது மனிதரை அல்ல, பாண் மாவைப் பொங்கவைக்கும் ஈஸ்டை. கலத்தின் கழிவைக் கரைக்கும் நொதியங்கள் இல்லாத ஈஸ்டைப் பட்டினி போட்டபோது, கழிவு அடங்கிய, கரையாத சிறு பைகள் சில மணி நேரத்திலேயே உள்ளே குவிவதை நுணுக்குக்காட்டியில் கண்டார். பிறகு கலம் தன்னைச் சுத்தம் செய்யும் அந்த வேலையை நடத்தும் மரபணுக்களைத் தேடிப் பிடித்தார். அருமையான ஆராய்ச்சி. நீரிழிவுக்காரர் எத்தனை மணி நேரம் சாப்பிடாமல் இருக்கலாம் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

எங்கள் தொடர்மாடியில் ஒரு ஐயா காலையில் சீனிக்குரிய குளிசையைப் போட்டுவிட்டுப் பட்டினி கிடந்தார். மத்தியானம் கை நடுங்கி, சட்டை தோய வியர்த்து, பேரப்பிள்ளையின் பெயரே வாயில் வரவில்லை. சீனி போட்ட தேத்தண்ணி கொடுத்த பிறகுதான் நிமிர்ந்தார். சில குளிசைகளும் இன்சுலினும் சாப்பிடாவிட்டாலும் இரத்தத்திலுள்ள சீனியை இறக்கிக்கொண்டே இருக்கும். விரதம் பிடிக்க வேண்டாமென்று நான் சொல்லவில்லை (எங்கள் அம்மாவும் பிடிக்கிறா), மருந்தின் அளவை முதலே வைத்தியரிடம் கேளுங்கள் என்கிறேன்.

சஷ்டிக்கு முன் நீரிழிவு வைத்திய நிபுணர் ஒருவரிடம் இதுபற்றி அரைப் பக்கம் எழுதி வாங்கிப் பிரசுரிப்பீர்களா?

வாசகி,
கொழும்பு - 06