எங்கள் கிராமத்துக்கு ஒரே பச்சை தீட்டியவர்களுக்கு

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

மாரிக்கால விதைப்புப் பருவமான காலபோகத்துக்கு முந்திய கூட்டத்தில் நீங்கள் சுவரில் காட்டிய பயிர்ப் பொருத்த வரைபடம் பற்றியே எழுதுகிறேன். எங்கள் கிராமம் முழுவதற்கும் அதில் ஒரே பச்சை. 'சோளத்துக்கு மிகவும் உகந்தது' என்றீர்கள். மானிய விதையும் அந்தப் பயிருக்கே என்றதால், அப்பா தடுத்தும் கேளாமல், ஆண்டுதோறும் நெல் விதைக்கும் குளத்தடிக் காணி இரண்டு ஏக்கரிலும் சோளம் போட்டேன். அதில் என் பிழையும் உண்டு.

கார்த்திகை மழையில் குளம் நிரம்பி வான்பாய்ந்தது. ஐந்து நாட்களாகத் தண்ணீர் வடியவில்லை. முழங்காலளவு வளர்ந்திருந்த பயிர் அடியிலையிலிருந்து மஞ்சளித்தது. ஒரு செடியைத் தொட்டு இழுத்தபோது எதிர்ப்பே இல்லாமல் கையோடு வந்தது. வேர் கறுத்து, ஊறப்போட்ட தென்னம் மட்டையின் நாற்றம் அடித்தது. அங்கிருந்து கால் மைல்கூட இல்லாத செம்மண் மேட்டில் சித்தப்பாவின் சோளம் ஆளுயரத்துக்கு நின்றது. உங்கள் வரைபடத்தில் இரண்டு காணிக்கும் ஒரே பச்சைதான்.

மேட்டில் நீர் வடியும் செங்கபில மண், பள்ளத்தில் நீர் தேங்கும் களி என்பது உங்கள் பாடநூலிலேயே இருப்பது. நான் சொல்லித்தர வேண்டியதில்லை. இலங்கைத் தீவை 46 விவசாய சூழலியல் வலயங்களாகப் பிரித்ததை நான் குறைகூறவில்லை. மழையையும் மண்ணையும் நில உயரத்தையும் பார்த்துப் பிரித்த அந்தப் படம் வலயத்தைச் சொல்லும்; வரம்புக்கு இந்தப் பக்கம் நெல்லா, அந்தப் பக்கம் குரக்கனா என்று சொல்லாது. முருங்கன் பக்கத்துக் கருங்களியும் முல்லைத்தீவுச் செம்மண்ணும் மழை குறைந்த உலர்வலயத்தில்தான் இருக்கின்றன என்பதற்காக இரண்டிலும் ஒரே தானியம் விளைந்துவிடுமா?

ஆகவே நான் கேட்பது ஒன்றே: குளத்துக்குக் குளம் வந்து, மேடு, சரிவு, தாழ்நிலம் என மூன்றிலும் குழி வெட்டிப் பார்த்து, எங்கு எத்தனை நாள் நீர் நிற்கும் என்று விதைத்தவர்களிடம் விசாரித்து, அந்தப் படத்தைத் திருத்துங்கள்.

கணினியில் தீட்டும் நிறத்துக்கு வேர் அழுகாது என்பதால் உங்களுக்கு அவசரம் இல்லாமல் இருக்கலாம். 2021 இல் முழுத் தீவுக்கும் ஒரே கட்டளையாக இரசாயன உரத்தைத் தடைசெய்துவிட்டு, அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே அரசாங்கத்தார் தடையை விலக்கினார்கள். இடையில் மெலிந்த கதிருக்கு எவரும் கணக்குச் சொல்லவில்லை. ஆத்திரத்தில் வேறு கதைக்குப் போய்விட்டேன், பொறுத்தருள வேண்டும்.

அடுத்த காலபோகக் கூட்டத்துக்கு முன் அந்த வரைபடத்தைத் திருத்தித் தருமாறு பணிவுடன் மீண்டும் கேட்டுக்கொள்கிறேன். நிலம் இறுகுவதற்கு முன், மாசியில் வந்தால் குழி வெட்டுவது இலகு. மண்வெட்டி என்னிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
வன்னியிலிருந்து ஒரு கமக்காரன்